இழுபட்டை

என் மேசைக்கு வருபவை எல்லாம் ஏற்கெனவே தோற்றவை.
பியெல்ஸ்கோ-பியாவா, பழைய கம்பளி ஆலையின் இரண்டாம் தளம்,
ஜன்னலுக்கு அப்பால் பெஸ்கித் மலைகள்,
பெரும்பாலும் மேகம்.
அடி பிரிந்த முதுகுப்பைகள், பல் உதிர்ந்த ஜிப்புகள்,
விலாவில் வாய்விட்ட கவசச் சட்டைகள்.
எப்படிக் கிழிந்தாய் என்று துணியிடம் கேட்பது என் வேலை.
துணி பொய் சொல்லாது.
வாடிக்கையாளர் கொஞ்சம் சொல்வார்.

கத்தி பட்டிருந்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும்.
பாறையில் உராய்ந்தது பஞ்சு பூத்திருக்கும்.
வெயில் தின்ற நூல் நகம் பட்டாலே மாவாய் உதிரும்.
பாரம் இழுத்தது மட்டும்
ஊசித் துளைகளை நீட்டி வைத்திருக்கும்,
எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி.

திங்கட்கிழமை இது வந்தது.
காலருக்குப் பின்னால் ஒரு கைப்பிடி, இழுபட்டை.
அணிந்தவனுக்கு அதனால் ஒன்றும் இல்லை,
கை எட்டாது, கண் எட்டாது,
அவன் விழுந்த பிறகு
இன்னொருவன் பற்றுவதற்காகத் தைத்தது.
நான்கு பார்டேக்குகள்.
ஒவ்வொன்றும் அரை விரல் அகலம், நாற்பத்திரண்டு தையல்.
மூன்று அறுந்திருந்தன.
ஒன்று இருந்தது.

'நடந்தது என்ன' என்ற கட்டத்தில், சாய்ந்த பேனா எழுத்தில்:
"சோவா ஆற்றில் வெள்ளம். செவெரின் கால் இடறி உள்ளே போனான்.
சட்டை அவனுடையது, எழுதுவது நான்.
அறுபது மீட்டர் இழுத்தேன். ஈரத்தோடு நூற்றுப்பத்துக் கிலோ இருப்பான்.
கரையேறியதும் முதலில் என் அம்மாவைத் திட்டினான்.
பணம் வேண்டாம். வேறு சட்டை அனுப்புங்கள். க்னியெவ்கோ."

நூலைத் தடிமனாக்கலாமே என்றான் லூதோமிர்,
வரைபவன், கையில் காபி.
தடித்த நூலுக்குத் தடித்த ஊசி என்றேன்,
தடித்த ஊசிக்குப் பெரிய துளை,
துளைகள் நெருங்கினால்
ஆயிரம் டெனியர் நைலானும் தபால்தலைத் தாள்தான்,
கோட்டோடு வந்துவிடும்.
போவதென்றால் நூல்தான் முதலில் போகவேண்டும்.
நூல் போனால் மறுபடி தைக்கலாம்.
துணியே போனால் எதன்மேல் தைப்பது?
அவனுக்கு விவாகரத்து நடந்துகொண்டிருந்தது.
காபியை வைத்துவிட்டு வெளியே போனான்.

பூதக்கண்ணாடி.
மிஞ்சிய அந்த ஒன்றை எண்ணினேன்.
எண்பத்து நான்கு.
மறுபடி எண்ணினேன்.
உள்மடிப்பில் சிறு சீட்டு: மூன்றாம் வரிசை, பதினேழு.

கீழே இறங்கினேன். பதினேழு என்றால் ஒதீலியா,
சூரியகாந்தி விதை கொறித்தபடி இருந்தாள்.
பாபின் நடுவில் தீர்ந்திருக்கும் என்றாள்,
மாற்றிவிட்டு அதன் மேலேயே இன்னொரு தடவை அடித்திருப்பேன்,
பிரித்துத் தைக்க யாருக்கு நேரம்?
எழுதப் போகிறீர்களா?
எழுதத்தான் வேண்டும் என்றேன்.
சரி என்று மிதியை அழுத்தினாள்.
அந்தச் சத்தத்தில்
ஆற்றைப் பற்றிச் சொல்ல வந்தது என் வாயிலேயே நின்றது.

மேலே வந்து இன்னொரு முறை பார்த்தேன்.
அந்த இரட்டைத் தையலைச் சுற்றி
ஊடை நழுவியிருந்தது, பாவு வெளுத்திருந்தது.
இன்னும் பத்து மீட்டர் இழுத்திருந்தால்
துணி போயிருக்கும், பட்டையோடு.
என் கணக்கில் தப்பில்லை.
ஆறுதான் அறுபது மீட்டரில் கரை கொடுத்துவிட்டது.

துண்டை வெட்டி எந்திரத்தின் இரு தாடைகளிலும் பூட்டினேன்.
பொத்தானை அழுத்தினேன்.
முள் ஏறியது, நின்றது, ஏறியது.
அறுந்தது.
துணிதான், தையல் ஓரத்தில், நான் சொன்ன கோட்டில்.
எண்ணைக் குறித்தேன்.
குறை: அளவுக்கு மீறிய தையல். பொறுப்பு: பதினேழு.
விளைவு என்றொரு கட்டம் எங்கள் தாளில் இல்லை.
புதிய சட்டை ஒன்றைக் கட்டி அனுப்பச் சொன்னேன்,
மூன்றாம் வரிசையில் இருந்து.

மாலை, கொக்கியிலிருந்து கோட்டை எடுத்தபோது
கழுத்துப் பட்டியில் தொங்கும் சிறு வளையத்தைத்
திருப்பிப் பார்த்தேன்.
கறுப்புக் கோட்டில் பச்சை நூல்,
நானே வீட்டில் போட்டது, எத்தனை தையல் என்று தெரியவில்லை.
இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு
மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
மழை இன்னும் விடவில்லை.